மேஜருக்கு வழி கேட்டு ஒரு விண்ணப்பம்

மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகும் சாலையில் இடது பக்கம் பிரிந்தால் எங்கள் நகர். அதில் முதலில் வீடு கட்டிக் குடிவந்தவர் மேஜர். இரண்டாவது நான். இடையில் பதினோரு மாதம். அந்தப் பதினோரு மாதமும் தாமும் தம் மனைவியும் மட்டும் கரண்ட் இல்லாமல், பாம்புகளோடு காலம் தள்ளியதை அவர் யாரையும் மறக்க விட்டதில்லை.

"நீங்க வந்தப்போ பாம்பெல்லாம் ரிடையர் ஆயிடுச்சு, செகரட்டரி" என்பார்.

நான் குடிவந்த பிறகு என் வீட்டு வளாகத்தில் மட்டும் நான்கு பாம்புகள் அடிக்கப்பட்டன. நாட்குறிப்பில் நாள், நேரம், நீளம் மூன்றும் இருக்கின்றன. அவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்கு பக்கங்களையும் படித்துவிட்டு, "இதெல்லாம் சாரைக்குட்டி" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் மேஜர் இல்லை. ஓய்வூதியத் தாள் ஒன்றில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட நேர்ந்தபோது, பதவி என்ற இடத்தில் ஹவில்தார் என்றும் பிரிவு என்ற இடத்தில் ஸ்டோர்ஸ் என்றும் இருந்தது. சண்டை நடந்தபோது எல்லையில் இருந்தேன் என்று அவர் சொல்லிவந்தது பொய்யில்லை. எல்லையில் கம்பளி வழங்கியிருக்கிறார். அவரை முதலில் மேஜர் என்று கூப்பிட்டது பால்காரர். இவர் மறுக்கவில்லை. பிறகு மனை வாங்க வந்தவர்கள் அதைப் பதவியாகவே எடுத்துக்கொண்டார்கள். ஹவில்தார் வீட்டுக்குப் பக்கத்து மனை என்பதைவிட மேஜர் வீட்டுக்குப் பக்கத்து மனை என்பது கேட்க நன்றாக இருந்தது. நானும் யாரிடமும் சொல்லவில்லை. என்னுடையது பக்கத்து மனை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு விசில் ஊதுவார். வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியுடன் போக வேண்டும். எங்கள் முதல் மெயின் ரோடு அப்படித்தான் போடப்பட்டது. நான் இருபத்தாறு ஞாயிறு போயிருக்கிறேன். பின்னாளில் சங்கத்தின் துணைத்தலைவரான வங்கி அதிகாரி மூன்று ஞாயிறு வந்துவிட்டு முதுகுவலி என்றார். மேஜர் அவருக்கு மேற்பார்வை வேலை கொடுத்தார். அந்த வேலையில் அவருக்கு முதுகு வலிக்கவில்லை.

மாதம் ஒருமுறை மேஜர் மிலிட்டரி கேன்டீனுக்குப் போய் வருவார். சோப்பும் பிஸ்கட்டும் வீட்டுக்கு. ரம் நகரின் முன்னேற்றத்துக்கு. எங்கள் நலச்சங்கத்தின் ஆரம்பகாலத் தீர்மானங்கள் பலவும் அவர் வீட்டு மொட்டைமாடியில் ஒருமனதாக நிறைவேறியவை. நான் குடிப்பதில்லை. என்னைச் செயலாளர் ஆக்கியதற்கு அது ஒன்றே காரணம். யாராவது ஒருவர் தெளிவாக இருந்து நோட்டில் எழுத வேண்டுமே.

அவருடைய மனைவி ஓய்வுபெற்ற நர்ஸ். எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். நகருக்கு வடக்கே இருந்த பழைய ஊரில் ஊசி, கட்டு, பிரசவ வலி என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஊர் வேண்டாம், ஊர்க்காரர்களின் நிலம் மட்டும் போதும் என்று குடிவந்தவர்கள் நாங்கள். இரண்டு பக்கமும் போய்வந்தது சிஸ்டர் ஒருவர்தான்.

இனி அந்த ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மனை விற்றவர் காட்டிய வரைபடத்தில் மெயின் ரோடு நேராகப் போய் ஒரு பச்சைச் சதுரத்தில் முடிந்தது. "பார்க்கா?" என்று கேட்டேன். "பச்சை போட்டிருக்கே சார், பாருங்க" என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. என் புதுமனை புகுவிழாவன்று அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தபோது வாசலில் மேளம் கேட்டது. தன் அண்ணன் செய்த ஏற்பாடு என்று நினைத்து என் மனைவி சிரித்தபடி வெளியே போனாள். பூப்பல்லக்கில் உட்காரவைத்த ஒரு முதியவர் தாடையைக் கட்டிக்கொண்டு எங்கள் வாசலைக் கடந்துபோனார். பின்னால் சரவெடி. ஊர்வலம் நேராகப் பச்சைச் சதுரத்துக்குள் நுழைந்தது.

அது ஊரின் சுடுகாடு. ஒரு மூலையில் ஊர்க் கிறிஸ்தவர்களின் கல்லறைகளும் இருந்தன. ஊர் தலைமுறை தலைமுறையாகப் பிணம் தூக்கிப்போன ஒற்றையடித் தடத்தைத்தான் பின்னாளில் நாங்கள் ஞாயிறு ஞாயிறாக அகலப்படுத்தி, மேடு பள்ளம் இல்லாமல் கப்பி கொட்டிக் கொடுத்தோம்.

நாற்பது வீடுகள் ஆனதும் இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று சங்கம் தீர்மானித்தது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் தலைவர் மேஜர். வாசகம் என்னுடையது: "நகரின் சுகாதாரத்தையும் அமைதியையும் முன்னிட்டு, இறுதி ஊர்வலங்கள் இனி ஏரிக்கரை வழியாகச் செல்லும்." எங்கே செல்ல வேண்டும் என்று எழுதினேனே தவிர, யார் சொல்லிச் செல்ல வேண்டும் என்று எழுதவில்லை. ரோட்டின் கடைசியில் இரும்பு கேட் போட்டு, பெரிய பூட்டாகப் பூட்டினோம். கேட்டுக்கு வேண்டிய சிமெண்டும் பூட்டும் ஊர்க்காரர் ஒருவருடைய ஹார்டுவேர் கடையில்தான் வாங்கப்பட்டன. எங்கள் மனைகளில் பாதி அவருடைய குடும்பத்து நெல்வயல். வயலை விற்ற பிறகு அவர் எங்களுக்கே செங்கல் விற்றுக்கொண்டிருந்தார்.

பூட்டுப் போட்ட அன்று அவர் கேட்டுக்கு வந்தார்.

"இன்னா சார் இது? ரோட்ட நீங்க போட்டீங்க, சரி. வழிய எவன் போட்டான்?"

"ரெசல்யூஷன் பாஸ் ஆயிடுச்சு" என்றார் மேஜர்.

"ஏரிக்கர மூணு அடி அகலம் சார். மழ வந்தா ஆளே வழுக்கிகினு போவான். பாடைய எப்பிடி தூக்கிகினு போறது?"

"டிசிப்ளின் இருந்தா போகலாம். நாங்க பனிமலையில போயிருக்கோம்."

"நீங்க போனீங்க சார். நாங்க செத்தப்புறம் இல்ல போவணும்?"

மேஜர் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். பூட்டு பூட்டியே இருந்தது. கடைக்காரர் எங்களிடம் வியாபாரத்தை நிறுத்தவில்லை. யாரிடமும் சண்டைக்கும் வரவில்லை. அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் அவருடைய அப்பா இறந்தபோது, ஊர்வலத்தோடு கேட் வரை வந்து பல்லக்கை இறக்கிவைத்துவிட்டு நின்றார். மேஜர் கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு கையால் ஏரிக்கரைப் பக்கம் காட்டினார். பத்து நிமிஷம் மழையில் அப்படியே நின்றார்கள். பிறகு பல்லக்கைத் திருப்பினார்கள். அந்த ஊர்வலத்தின் பின்னால் சிஸ்டரும் போனார். திரும்பி வந்தபோது இடுப்புவரை சேறு. கணவரிடம் நான்கு நாள் பேசவில்லை என்று என் மனைவி சொன்னாள்.

இதெல்லாம் நடந்து ஒன்பதாம் ஆண்டு மழைக்காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்து பத்துக்கு, மேஜர் தூக்கத்தில் இறந்துபோனார்.

பெங்களூரிலிருந்து மகள் வந்துசேர புதன் மதியம் ஆகும் என்றார்கள். ஐஸ் பார் வைத்து, வாசலில் சாமியானா கட்டினோம். ஐந்து நாளாக விடாத மழை. சாமியானா நடுவில் தண்ணீர் தேங்கித் தொங்கியது. மேஜர் கிறிஸ்தவர் என்பதால் இடம் சுடுகாட்டு மூலையில் இருந்த கல்லறைத் தோட்டம். குழி வெட்டுகிறவர் புதன் காலை வந்து, வெட்ட வெட்ட ஊற்று எடுக்கிறது, நாலு மணிக்குள் கொண்டுவந்துவிட்டால் நல்லது, அதற்குமேல் குழி நிற்காது என்று சொல்லிவிட்டுப் போனார். பதினோரு மணிக்கு ஏரிக்கரை இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது என்று செய்தி வந்தது.

மேஜர் வீட்டிலிருந்து கல்லறை கண்ணுக்குத் தெரிந்தது. நடுவில் மெயின் ரோடு. மெயின் ரோட்டில் கேட். கேட்டில் பூட்டு.

பன்னிரண்டரைக்கு என் வீட்டு முன்னறையில் அவசரச் செயற்குழு கூடியது. ஒன்பது பேர் கொண்ட குழுவில் எட்டுப் பேர் வருகை. தலைவர் வராததற்குக் காரணம் பதிவு செய்யப்பட்டது. துணைத்தலைவர் தலைமை தாங்கினார்.

"மேஜர் ஃபவுண்டர் பிரசிடெண்ட். ஸ்பெஷல் கேஸ். அவருக்கு மட்டும் ஒரு விலக்கு கொடுத்துடலாம். முன்னுதாரணம் ஆகக் கூடாது, அது முக்கியம். செகரட்டரி, அதை நல்லா எழுதுங்க" என்றார்.

நன்றாகவே எழுதினேன். "முன்னுதாரணமாகக் கொள்ளப்படாது" என்பதன் கீழே கோடும் போட்டேன். ஒருமனதாக நிறைவேறியது. அப்போதுதான் எனக்கு விதி ஒன்பது ஞாபகம் வந்தது. எந்த விலக்குக்கும் சம்பந்தப்பட்ட வீட்டாரின் எழுத்துபூர்வ விண்ணப்பம் வேண்டும். அந்த விதியை எழுதியவனும் நான்தான். திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருந்த உறுப்பினர் தலையில் அடித்துக்கொண்டார். நான் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. ஆனால் நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும்.

சிஸ்டர் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஐஸ் உருகி வழிந்த தண்ணீரைத் துணியால் ஒற்றிப் பக்கெட்டில் பிழிந்துகொண்டிருந்தார்.

"சிஸ்டர், ஒரு சின்ன ஃபார்மாலிட்டி. கேட்டைத் திறக்க அனுமதி கேட்டு ரெண்டு வரி எழுதிக் கொடுத்தா…"

அவர் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"யாருக்குன்னு எழுதணும்?"

"வழக்கமா… தலைவர் அவர்களுக்குன்னு…"

"தலைவர் இங்க படுத்திருக்கார்."

அவர் நாற்காலியின் கைப்பிடியில் தாளை வைத்து, மருந்துச்சீட்டு எழுதுகிற வேகத்தில் எழுதினார். அந்த விண்ணப்பம் இன்றும் என் கோப்பில் இருக்கிறது: "என் கணவரையும், இனி ஊரிலும் நகரிலும் இறக்கும் எல்லோரையும் இந்த வழியாக எடுத்துச்செல்ல, கேட்டை நிரந்தரமாகத் திறந்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒருவருக்கு மட்டும் என்றால் வேண்டாம். ஏரிக்கரை வழியாகவே கொண்டுபோகிறோம்."

"சிஸ்டர், கரை உடைஞ்சிருக்கு."

"தெரியும். கடைக்காரர் அப்பாவுக்கு நான் அந்தக் கரை மேலதான் போனேன். ரெண்டு தடவை விழுந்தேன். இவர் வீட்ல உக்காந்து நியூஸ் கேட்டுக்கிட்டிருந்தார். இன்னிக்கு இவர் மட்டும் ரோட்ல போனா, நாளைக்கு ஊர்ல ஒரு குழந்தைக்கு ஊசி போட நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?"

தாளைக் கொண்டுவந்து குழுவில் படித்தேன். துணைத்தலைவர் இருமினார்.

"இமோஷனலா எழுதியிருக்காங்க. புரியுது. ஆனா பர்மனெண்டா திறந்துட்டா ப்ராப்பர்ட்டி வேல்யூ என்ன ஆகும்? யோசிச்சீங்களா?"

"உங்க வூட்டு வேல்யூவா சார் இப்ப அங்க ஐஸ் மேல படுத்துகினு கீது?" என்றார் லேத் பட்டறைக்காரர்.

"பர்சனலா பேசாதீங்க. ஓட்டுக்கு விடலாம்."

திறக்கலாம் என்று மூன்று பேர். கூடாது என்று மூன்று பேர். செயலாளர் நடுநிலை வகிப்பது மரபு என்று நான் கையைத் தூக்கவில்லை. அப்படி ஒரு மரபு விதிகளில் எங்கும் இல்லை. அதுவரை நான் அதைக் கடைப்பிடித்ததும் இல்லை.

"டை ஆச்சு. காஸ்டிங் ஓட்டு என்னோடது" என்றார் துணைத்தலைவர்.

இங்கே நான் குறுக்கிட வேண்டியதாயிற்று. சம வாக்கு விழுந்தால் தலைவரின் வாக்கே முடிவானது என்பதுதான் விதி. துணைத்தலைவருக்கு அந்த உரிமை இல்லை. தலைவர் பதவி காலியானால் அவர் தலைவராகலாம். பதவி காலி என்று அறிவிக்க, ஏழு நாள் முன்னறிவிப்புடன் பொதுக்குழு கூட வேண்டும்.

"அப்போ இப்ப தலைவர் யாரு?"

"மேஜர்தான்."

எல்லோரும் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டைப் பார்த்தார்கள். அடுக்களையிலிருந்து என் மனைவி வந்து, "போய்க் கேட்டுட்டு வாங்களேன், கைய தூக்குறாரான்னு" என்று சொல்லிவிட்டு, காபியைக் கொடுக்காமலே தட்டோடு உள்ளே போய்விட்டாள்.

மணி இரண்டே முக்கால். மகள் வந்துசேர்ந்திருந்தாள். நாங்கள் விதி பதினொன்றையும் பன்னிரண்டையும் சேர்த்துப் படித்தால் வேறு அர்த்தம் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, ரோட்டுக் கடைசியிலிருந்து இரும்பு அறுக்கும் சத்தம் வந்தது.

குடையை எடுத்துக்கொண்டு எல்லோரும் ஓடினோம். சிஸ்டர் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. ஏரிக்கரையில் எப்படித் தூக்குவது என்று கேட்கக் கடைக்காரருக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். ஏன் கரையில் என்று கேட்டு, காரணம் தெரிந்துகொண்டு, அவர் நான்கு ஆட்களோடும் ரம்பத்தோடும் நேராக கேட்டுக்கு வந்துவிட்டார். மேஜருடைய டிரங்குப் பெட்டியிலிருந்து சாவியும் வந்திருந்தது. ஸ்டோர்ஸில் இருந்தவர் இல்லையா, பெயர்ச்சீட்டுக் கட்டி, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைத்திருந்தார். சாவி பளபளவென்று இருந்தது. பூட்டுதான் துருப்பிடித்து அசையவில்லை.

"பூட்ட உடு. நம்ம கடப் பூட்டு, அவ்ளோ லேசுல அறாது. தூணாண்ட கீற கீல அறு" என்று கடைக்காரர் ஆட்களிடம் சொன்னார். எங்களைப் பார்த்ததும், "வாங்க சார், மீட்டிங் முட்ஞ்சிதா?" என்றார்.

"இது அசோசியேஷன் ப்ராப்பர்ட்டி" என்றார் துணைத்தலைவர்.

"கேட்டு உங்க ப்ராப்பர்ட்டிதான் சார். எடுத்துகினு போங்க, எவன் வேணாம்னான்? வழிய மட்டும் உட்டுட்டுப் போங்க."

கேட் ஒரு பக்கமாகச் சாய்ந்து சேற்றில் விழுந்தது. பூட்டு பூட்டியபடியே இருந்தது.

மூன்றரைக்குப் பெட்டியைத் தூக்கினோம். முன்னால் போதகர், அவர் தலைக்கு மேல் கடைக்காரர் பிடித்த குடை. நகர்க்காரர்கள் நாங்கள் வேட்டியை மடித்துக் கட்டுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க முடியாமல் பின்னால் போனோம். ஒன்பது ஆண்டுகளாக நான் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. பச்சைதான். இடுப்பளவு கோரை.

குழியில் முழங்காலளவு தண்ணீர். மண்சட்டியால் அள்ளி இறைக்க இறைக்க ஊறியது. நாலே காலுக்கு மேல் காத்திருப்பதில் பயனில்லை என்று பெட்டியை இறக்கினார்கள். போதகர் "மண்ணுக்கு மண்ணாக" என்று ஆரம்பித்தபோது பெட்டி மெதுவாக மேலே வந்தது. தலைமாட்டுப் பக்கம் சற்று உயர்ந்து, எங்களைப் பார்வையிடுவதுபோல ஒரு சுற்றுத் திரும்பி நின்றது.

லேத் பட்டறைக்காரர்தான் தாங்க முடியாமல், "மேஜர் நேவிக்கு மாறிட்டாரு" என்றார்.

துணைத்தலைவர் பல்லைக் கடித்தார். சிஸ்டர் சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, மகளின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று பக்கத்தில் நின்ற என்னால் சொல்ல முடியவில்லை. செவ்வாய் காலையிலிருந்து அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

கடைக்காரர் ஆளனுப்பி, சிமெண்ட் சாக்குகளில் மணல் நிரப்பி எடுத்துவரச் சொன்னார். மெயின் ரோடு வழியாக வந்ததால் ட்ரை சைக்கிள் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. எட்டு மூட்டைகளை வைத்துப் பெட்டியை அழுத்தி நிறுத்தினார்கள். ஐந்து இருபதுக்கு மண் மூடியது. மலர்வளையத்தில் "மேஜர்" என்று எழுதியிருந்தது. சிஸ்டர் அதைப் படித்தார். திருத்தச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதே முக்கால் மணி. நான் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மேளம் கேட்டது. ஊரிலிருந்து ஒரு பல்லக்கு நகரின் முகப்பில் வந்து நின்றிருந்தது. ரோட்டுக் கடைசியில் விழுந்த கேட்டை அதற்குள் யாரோ ஓரமாகத் தூக்கி வைத்திருந்தார்கள். வழியில் எதுவும் இல்லை. ஆனாலும் அவர்கள் நகரவில்லை. கடைக்காரர் மட்டும் முன்னால் நடந்து வந்து என் வீட்டு முன்னால் நின்றார்.

"போலாமா சார்?"

எதிர்வீட்டில் துணைத்தலைவர் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றது தெரிந்தது. செயலாளருக்குத் தனியாக அனுமதி தரும் அதிகாரம் எந்த விதியிலும் கிடையாது.

"போங்க" என்றேன்.

சரவெடி வெடித்ததில் எங்கள் ஜன்னல் கண்ணாடி ஒன்று அதிர்ந்தது. ரோடு முழுக்கச் சாமந்தி. நான் பத்து ஐந்து ரயிலை விட்டுவிட்டேன்.

அன்று அலுவலகம் போகவில்லை. ஒரு விண்ணப்பத்துக்குப் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. சங்கத்தின் தாளை எடுத்து, "தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு, முழுமையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மேலே அடக்கம் நடந்த புதன்கிழமையின் தேதியைப் போட்டேன். எல்லாம் முறைப்படி நடந்ததாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நாற்பது ஆண்டு நாட்குறிப்பு எழுதுகிறவன் அறிந்து போட்ட முதல் பொய்த் தேதி.

பக்கத்து வீட்டுக்குப் போய்க் கொடுத்தேன். சிஸ்டர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"தேதி தப்பா இருக்கு."

"ரிக்கார்டுக்காக, சிஸ்டர்…"

"நானும் ரிக்கார்டுக்காகத்தான் சொல்றேன். புதன்கிழமை நீங்க யாரும் அனுமதி குடுக்கல. இவர் அனுமதி இல்லாமதான் போனார். நீங்க குடுத்தது இன்னிக்குக் காலையில. நான் பாத்துக்கிட்டிருந்தேன்."

பேனாவை நீட்டினார். தேதியை அடித்துவிட்டு அன்றைய தேதியை எழுதினேன். திருத்தத்துக்குப் பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் இடம் காட்டினார். போட்டேன்.